கும்பிட எட்டாத கை

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக அல்ல. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. எழுதியது தெரிந்தால் நன்றி சொல்வதற்கென்றே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார். வெறும் கையோடும் வரமாட்டார், ஒரு வாழைத்தாரையாவது தோளில் போட்டுக்கொண்டு வருவார். இந்த வயதில் அந்த மனிதரை அலைக்கழிக்க எனக்கு மனம் இல்லை. பிரிண்டிங்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நாங்களும் அவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திருப்பூரிலிருந்து வீரபாண்டி போகும் வழியில், ஒரு சாயப்பட்டறைக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட கொட்டகை அவருடையது. உள்ளே நீள நீளமாக மேஜைகள். மேஜையில் பனியன் துணியை ஒட்டி, மேலே ஸ்கிரீனை வைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் துணியில் படம் விழும். நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் குழந்தைச் சட்டைகளுக்கெல்லாம் நெஞ்சில் படம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். எங்களைத் தவிர வேறு கம்பெனிக்கு அவர் வேலை செய்ததில்லை. யாராவது வந்து கேட்டால், எங்கள் முதலாளியின் மனம் சங்கடப்படும் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் இரண்டு பேர் பாசமாகப் பேசிக்கொண்டாலே அடுத்த தெருக்காரர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வருவார்கள். எண்பதுகளின் கடைசியில் வேலைக்காகத் திருப்பூரில் வந்து இறங்கிய எனக்கு, இங்கே எல்லாரும் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போடுவதைக் கேட்டு, நம்மைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. போகப்போகப் பழகிவிட்டது. ஆனால் பிரிண்டிங்காரரிடம் இருந்ததை மரியாதை என்று சொல்ல முடியாது, அது ஒரு வியாதி. கொட்டகை வாசலில் எருமை படுத்திருந்தால், "கொஞ்சம் நகந்துக்கறீங்களா சாமி" என்று கேட்டுவிட்டு, அது நகரும்வரை காத்திருப்பார். மின்சாரம் நின்றால், "கரண்டு போயிட்டாருங்க" என்பார். திரும்பி வந்தால் எழுந்து நிற்காத குறைதான்.

ஒருமுறை மை இழுக்கும் ஆள் ஒருவர் போதையில் வந்து ஒரு கட்டுத் துணியை நாசம் செய்துவிட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இன்றைக்காவது இந்த மனிதர் வாயைத் திறந்து திட்டுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். திட்டவும் செய்தார்.

"நீங்க செஞ்சது சுத்த அயோக்கியத்தனமுங்க," என்றார். "உங்களை இப்பவே வேலைய உட்டு நிறுத்தோணுமுங்க. மொதல்ல போயி ஒரு டீயும் பன்னும் சாப்புட்டு வந்துருங்க. வெறும் வயித்துல இருக்கறவங்களத் திட்டக்கூடாதுங்க."

அந்த ஆள் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்குள் இவருக்கு அவருடைய பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்று விசாரிக்கும் வேலை வந்துவிட்டது. பாக்கித் திட்டு அப்படியே நின்றுபோனது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கணியூரில் தூரத்து உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று புறப்பட்டுப் போனவர், தவறான மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார். வாசலிலேயே பன்னீர் தெளித்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம் அல்லவா? "கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சவங்ககிட்ட, நான் உங்க ஒறம்பரை இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். தாலி கட்டும்வரை இருந்து, பந்தியில் சாப்பிட்டு, மொய் வைத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தார். அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வந்தது. அதற்கும் போனார். சொந்தக்காரர் வீட்டில்தான் இவரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் டைனோசர் பைத்தியம் பிடித்தது. அதற்கு மருந்து திருப்பூரில் தயாரானது. எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மிருகம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அனுப்பிய பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், ஒரு ஜெர்மனிக்காரர். நெடுநெடுவென்று உயரம், கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார், எதையாவது பார்க்க வேண்டும் என்றால்தான் கண்ணுக்கு இறக்குவார். தன் வேலையில் மகா கறாரான மனிதர். டைனோசர் காலம் முடியப்போகிற கடைசிக் கட்டத்தில் தரையிலும் கடலிலும் இருந்த மிருகங்கள் மட்டும்தான் இந்தச் சட்டைகளில் வரவேண்டும் என்றார். எங்கள் முதலாளி தனக்குப் பிடித்திருக்கிறதென்று ஒரு மிருகத்தின் படத்தைக் காட்டினார். இது அதற்கு வெகுகாலம் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டது என்று பையர் ஒதுக்கிவிட்டார்.

நான் இதைப் பிரிண்டிங்காரரிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார். "அதும் சரிதானுங்க. முன்னப்பின்னத் தெரியாதவங்களை ஒரே எடத்துல நிறுத்தி வெச்சா அவங்களுக்கும் சங்கட்டமுங்க."

"கடல்ல இருந்ததெல்லாம் டைனோசரே இல்லையாம் அண்ணாச்சி. அது வேற வகையாம்," என்றேன்.

"பங்காளிங்களா?"

"அதுவும் இல்லையாம்."

"அப்ப சம்பந்திங்க," என்று முடிவு செய்துவிட்டார்.

பையர் என்னிடம் ஒரு படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலங்களில் கொட்டகைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய்ப் படித்துச் சொல்வேன். அவர் ஒவ்வொரு மிருகத்தையும் பெண் பார்க்க வந்தவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மூன்று கொம்பு உள்ளவரைப் பார்த்து, இவர் ஒரு வீட்டு நிலைக்குள் குனிந்து நுழைய முடியாதே என்று வருத்தப்பட்டார். வால் நுனியில் குண்டாந்தடி மாதிரி எலும்பு உள்ளவரைப் பார்த்து, கூட்டத்தில் திரும்பும்போது யார் மேலாவது பட்டுவிடுமே என்றார். கடலாமையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரே என்ற நிம்மதி. அவரை ரொம்பவும் படுத்திவிட்டது டைரனோசரஸ்தான். அந்தப் பக்கத்தை விட்டு அவர் நகரவே இல்லை.

"ஏனுங் தம்பி, இத்தாப்பெரிய ஆளுக்கு இத்தனூண்டு கை வெச்சிருக்குது. ரெண்டு கையும் ஒண்ணு சேருமுங்களா?"

"சேராதுபோல."

"அப்ப எப்படிங்க கும்புடுவாரு?"

"அண்ணாச்சி, அது எதிர்ல வாறவனைப் புடிச்சுத் திங்கும்."

"திங்கறது அவரு தொழிலுங்க, அதுல நாம குத்தஞ்சொல்லக் கூடாது. ஆனா திங்கறதுக்கு முன்னால ஒரு கும்புடு போட வேண்டாமுங்களா?"

இந்த மனிதரிடம்தான் அந்த ஆர்டர் முழுவதும் போனது.

படங்களைச் சரிபார்க்கப் பையரே கொட்டகைக்கு வந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம் உண்டு. படம் கறுப்பாக வரையப்பட்ட கண்ணாடிபோன்ற தாள் அது. அதை ஸ்கிரீனில் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், கறுப்பு இருந்த இடமெல்லாம் மை இறங்கும் ஓட்டையாகிவிடும். கறுப்பில் எது இருந்தாலும் சரி, அது துணியில் வந்துவிடும். பையர் மேஜையில் வைத்தே ஒவ்வொரு ஃபிலிமாகப் பார்த்துக் கறுப்பு மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியாகக் கடல் மிருகம் ஒன்று. நீண்ட கழுத்தும் குட்டை வாலுமாக, இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். உடம்பு முழுக்க நீலம், தலை மட்டும் ஆரஞ்சு. ஆகையால் உடம்புக்கு ஒரு ஃபிலிம், தலைக்குத் தனியாக ஒரு சின்ன ஃபிலிம். உடம்பு ஃபிலிமைப் பையர் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் கொண்டுபோனார், இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார், ஜன்னல் திட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தலை ஃபிலிம் சின்னது, அதில் போட இடமில்லை என்று விட்டுவிட்டார். நான் அப்போது போனில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கைகட்டி நின்றது பிரிண்டிங்காரர் மட்டும்தான்.

ஏற்றுமதிக்கு நாள் நெருங்கிவிட்டது. மாதிரி அடித்துக் காட்ட நேரமில்லை, கையெழுத்துப் போட்ட ஃபிலிமே போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சட்டைகள் அச்சாகி, தைத்து, தேய்த்து, பேக்கிங் ஹாலுக்கு வந்து சேர்ந்தன. நான் ஏதோ ஞாபகத்தில் படப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கடல் மிருகச் சட்டையை எடுத்தேன். நீளக் கழுத்து ஒரு பக்கம் மொட்டையாகப் போய் முடிந்தது. குட்டை வாலின் நுனியில் ஆரஞ்சுத் தலை உட்கார்ந்து பல்லைக் காட்டியது. வயிற்றுக்கு அடியில் நீலத்தில் சின்னதாக ஓர் அலை வேறு. புத்தகத்தில் அலை கிடையாது. தலையே இடம் மாறிக் கிடக்கும்போது அலையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி இது? வால்ல தலைய வச்சிருக்கிய?"

"அவரு கையெழுத்துப் போட்டது அந்தப் பக்கமுங்க," என்றார். பெட்டியைத் திறந்து ஃபிலிமை எடுத்து நீட்டினார். உண்மைதான். பையர் ஃபிலிமைப் புரட்டிப் பிடித்துப் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து நேராகத் தெரிய வைத்தால் மிருகம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக இருந்தது. இவரும் கையெழுத்துப் பக்கத்தையே நேர்ப்பக்கமாக வைத்து ஸ்கிரீன் செய்துவிட்டார். கையெழுத்து இல்லாத தலை ஃபிலிமை மட்டும் வழக்கம்போல் வைத்திருக்கிறார். உடம்பு திரும்பிக்கொண்டது, தலை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"கையெழுத்துப் போடும்போதே பாத்திய, இல்லையா?"

"பாத்தனுங்க."

"அங்கனயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சீமையில இருந்து வந்த பெரிய மனுசன். தாளைத் திருப்பிப் புடிச்சிருக்கீங்கன்னு எப்படிங்க சொல்றது? அவரு கையெழுத்துப் போட்ட பக்கந்தானுங்க நேர்ப்பக்கம்."

"பொறவு அடிக்கும்போது தலை வால்ல வந்துச்சே, அப்பமாவது?"

"நாம அவரை நேர்ல பாத்தமுங்களா?" என்று அந்த மிருகத்தைப் பற்றிச் சொன்னார். "அவரு எப்படி இருந்தாரோ, உங்க தலை இங்க இருக்கக்கூடாதுன்னு சொல்ல நாம யாருங்க?"

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். அவர் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சரக்கு ரிஜெக்ட் ஆச்சுன்னா இனி அவுருக்கு நம்ம கம்பெனில இருந்து ஒரு பீஸ்கூடப் போகக்கூடாதுங்க." இந்த ஊரில் ஒருவரின் பிழைப்பில் மண் விழுவதற்கும் ஒரு 'ங்க' உண்டு. எங்களை விட்டால் பிரிண்டிங்காரருக்கு வேறு கம்பெனி கிடையாது. வந்தவர்களையெல்லாம் டீ கொடுத்து அனுப்பியாயிற்று. மேஜைகளை மடக்கிவிட்டுப் போகவேண்டியதுதான்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. பையர் சரக்குப் பார்க்க வரும்போது, நீங்கள் தவறான பக்கத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று சொல்லி ஃபிலிமைக் காட்டினால் போதும். அதை நான் சொல்லக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி ஆள் வாயிலிருந்து பையர்மேல் குற்றம் வரக்கூடாதாம், வேண்டுமானால் பிரிண்டரே சொல்லட்டும் என்றார். ஆகவே கொட்டகையில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் நடத்தினேன்.

"சொல்லுங்க. யூ சைன்டு த ராங் சைட்."

"யூ சைன்டு ராங் சைடுங்க."

"கடைசியில 'ங்க' வேண்டாம்."

"ங்க இல்லாமப் பெரியவங்ககிட்டப் பேசுனா நாக்கு அழுகிப் போயிருமுங்க."

"சரி, இருக்கட்டும். இன்னொரு தரம்."

"யூ சைன்டு அதர் சைடுங்க சார். வெரி குட் சைடுங்க."

நான் பாடத்தை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். எப்படியும் ஃபிலிம் இருக்கிறது, அதை நீட்டினாலே போதும், அது பேசிக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பையர் வந்தார். பேக்கிங் ஹாலில் அவர், முதலாளி, நான், ஓரமாக வெள்ளை வேட்டி கட்டிய பிரிண்டிங்காரர். கடல் மிருகச் சட்டையை எடுத்ததும் பையர் கண்ணாடியை இறக்கினார். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை வாலில் இருக்கிறதே என்று கேட்டார். நான் பிரிண்டிங்காரரை முழங்கையால் இடித்தேன். அவர் ஓரடி முன்னே வந்து, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் குவித்துக் கும்பிட்டார்.

"மை மிஸ்டேக்குங்க சார்," என்றார்.

என் கைக்கு வசதி இருந்திருந்தால் அவரையே மேஜையில் ஒட்டி மேலே மை இழுத்திருப்பேன். அவர் கக்கத்தில் இருந்த ஃபிலிமை நானே பிடுங்கிப் பிரித்தேன். கையெழுத்து இருந்த இடம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மை துடைக்கிற தின்னர் வாடை அடித்தது.

"என்ன அண்ணாச்சி பண்ணுனிய?"

"காத்தால தொடச்சுட்டனுங்க," என்றார் மெதுவாக. "பெரிய மனுசன் கையெழுத்தே அவருக்கு எதுத்தாப்பல சாட்சி சொல்றது நல்லாருக்காதுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நாளையிலிருந்து வேறு பிரிண்டரைப் பார் என்று அந்தப் பார்வை சொன்னது. பிரிண்டிங்காரருக்கும் அது புரிந்தது. குவித்த கையை அவர் இறக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அளவுக்குப் பரிதாபமும் வந்தது.

பையர் சட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை. இது என்ன என்று மிருகத்தின் வயிற்றுக்கு அடியில் விரலை வைத்தார். கடல் அலை என்றேன். அவர் சட்டையை ஜன்னலோரம் கொண்டுபோனார். மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு கையெழுத்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் சட்டையை விரித்தார்.

இரண்டும் ஒன்றுதான். அலையாக நெளிந்தது அவருடைய கையெழுத்து. மற்ற ஃபிலிம்களில் துணிக்கு வராத ஓரத்தில் போட்டவர், ஜன்னல் திட்டில் வைத்த இதில் மட்டும் படத்துக்கு அடியிலேயே போட்டிருந்தார். அது சட்டைக்குச் சட்டை, நேராக, பளிச்சென்ற நீலத்தில் விழுந்திருந்தது. உடம்பு இடம் வலமாகத் திரும்பியிருக்கும்போது கையெழுத்து மட்டும் நேராக விழவேண்டும் என்றால் ஃபிலிமின் எந்தப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பையர் சிரிக்க ஆரம்பித்தார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பையர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பதால் அவரும் சிரித்தார். பையர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அமெரிக்காவில் இந்த மிருகத்தின் எலும்புகளை முதன்முதலில் எடுத்து அடுக்கிய படித்த மனிதர் ஒருவரும், தலையை வால் நுனியில்தான் வைத்தாராம். பிற்பாடு ஊரே சிரித்ததாம். அந்தக் கதையை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துச் சட்டையோடு கட்டி அனுப்புங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார். சரக்கு தேறிவிட்டது.

பிரிண்டிங்காரர் அந்தக் கதையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "பாவமுங்க அவரு," என்றார். "அவருக்கும் யாரோ பெரியவங்க திருப்பிப் புடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்க. சொல்ல மனசு வந்திருக்காதுங்க."

பையர் போனபிறகு, முதலாளி அடுத்த ஆர்டரின் படங்களையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரை டீக்கடையில் மடக்கிப் பிடித்தேன். வழக்கமாக எந்தக் கொட்டகையிலும், ஸ்கிரீன் செய்வதற்கு முன் ஃபிலிமில் உள்ள கையெழுத்தின்மேல் டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள். அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"பெரிய மனுசன் கையெழுத்துமேல டேப்பு ஒட்டறதுங்களா?"

"ஃபிலிம்ல மட்டும் தின்னர் போட்டுத் தொடச்சிய?"

"ஃபிலிம்ல இருந்தா அவருக்குக் குத்தமுங்க. சட்டையில இருந்தா அவருக்குப் பெருமைங்க."

திருப்பூருக்கு வந்தபிறகு முதல் தடவையாக ஒரு வாக்குவாதத்தில் நான் தோற்றேன், அதுவும் டீக்குக் காசு கொடுத்தது அவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தச் சின்னக் கைக்காரரைப் பத்தி யோசிச்சனுங்க தம்பி. அவங்க வம்சமே போயிருச்சின்னு படிச்சீங்களே, அது எதனாலைங்க?"

வானத்திலிருந்து ஒரு பெரிய கல் விழுந்ததாம் என்றேன்.

"கல்லு எல்லாருக்குந்தானுங்க உழுந்திருக்கும். இவரு ஒரு கும்புடு போட்டிருந்தா ஆராச்சும் எடங் குடுத்திருப்பாங்க. கை எட்டுலீங்க, அவ்வளவுதான்."

"கடலாமை மட்டும் எப்படிப் பொழைச்சுது? அதுக்கும்தான் கும்பிடக் கை இல்ல."

"அவரு பெரியவங்களைக் கண்டா தலைய உள்ள இழுத்துக்குவாருங்க," என்றார். அதைச் சொல்லும்போது தன் தலையையும் லேசாகத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

அன்று அறைக்குத் திரும்பியதும் படப் புத்தகத்தைப் புரட்டினேன். கடலாமைக்கு மற்ற ஆமைகளைப் போலத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே முகத்துக்கு நேராகத் திருத்திவிடுவது என் பழக்கம். மறுநாளும் கொட்டகைக்குப் போனேன், அடுத்த நாளும் போனேன், அதற்கப்புறம் பல வருடம் போனேன். இதுவரை நான் அவரிடம் அதைச் சொல்லவில்லைங்க.